மணமகளை அழகு செய்யும் கைகள்

மணமகளுக்கு மருதாணி இட்டு, சடை பின்னிப் பூ வைத்து, கண்ணுக்கு மை தீட்டுவது ஒரு காலத்தில் அத்தைமாரும் நாத்தனாரும் உரிமையோடு செய்த பணி. அதற்குக் கூலி கேட்டவரும் இல்லை, கொடுத்தவரும் இல்லை. இன்று அதுவே ஒரு தொழிலாகிவிட்டது. மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதியிலும், ஏற்காட்டு மலையிலும், கேரளத்தின் குமரகத்திலும், கோவாவிலும் திருமணம் நடத்தும் வழக்கம் பரவியபின், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் ஒப்பனைக் கலைஞர்கள் தோன்றியிருக்கின்றனர். திருநின்றவூர் போன்ற ஊர்களின் பெண்களுக்கும் இத்தொழில் எட்டாத ஒன்றன்று.

பயணம் செய்து பிழைப்பது இப்பகுதிக்குப் புதிதுமன்று. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் இரயில் பாதை திறக்கப்பட்டபோது, அது இவ்வூர் வழியாகவே சென்றது. அம்பத்தூர் ஆலையில் இரவுப் பணி முடித்து, விடியற்காலையில் நிலையத்தில் இறங்கும் மகனைத் தெருவில் யாரும் கேள்வி கேட்பதில்லை. அதே வண்டியில் ஒப்பனைப் பெட்டியுடன் இறங்கும் மகளைப் பார்த்து மட்டும், "இரவெல்லாம் எங்கே போயிருந்தாள்?" என்ற கேள்வி எழுகிறது. இது நியாயமா என்று கிறிஸ்தவக் குடும்பங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்தொழிலில் பெண்ணுக்கு இடம் எளிதில் கிடைத்துவிடவில்லை. திரைப்படத் துறையில், ஒப்பனை ஆணுக்கே உரியது, பெண் சிகை அலங்காரம் மட்டுமே செய்யலாம் என்ற விதியை மும்பைச் சங்கம் ஒன்று பல்லாண்டுகள் கடைப்பிடித்து வந்தது. முறையாகப் பயின்ற சாரு குரானா என்னும் பெண் கலைஞர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 2014 நவம்பர் 10-ஆம் நாள் நீதிபதிகள் தீபக் மிஸ்ராவும் உதய் உமேஷ் லலித்தும் அவ்விதி அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தனர். மகாராட்டிர மாநிலத்தில் ஐந்தாண்டுகள் வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அத்துடன் நீங்கியது. தான் கற்ற தொழிலைச் செய்யவும், அதற்காகப் பிற மாநிலம் செல்லவும் பெண்ணுக்கு உரிமை உண்டு என்பது இதனால் உறுதியாயிற்று.

இத்தொழில் வெறும் பூச்சு வேலை என்று எண்ணுவோர் அதன் உழைப்பை அறியாதவர்கள். காலை ஆறு மணி முகூர்த்தம் என்றால், இரவு இரண்டு மூன்று மணிக்கே ஒப்பனை தொடங்கிவிடும். நம் திருமணங்களில் திருப்பலிக்கு வெண்பட்டும் தலையில் நெட்டும். மாலை வரவேற்புக்கு வேறு புடவை, வேறு கொண்டை. எனவே ஒரே நாளில் இருமுறை அலங்காரம். கடற்காற்றின் ஈரத்தில் பூச்சு கசியும். மலைக்குளிரில் தோல் வறண்டு வெடிக்கும். மண்டபத்தின் மஞ்சள் விளக்கில் பொருத்தமாகத் தெரிந்த நிறம், ஆலய வாசலின் வெயிலில் சாம்பல் பூத்ததுபோல் காணப்படும். தேர்ந்த கலைஞர் சன்னலோரம் அமர்த்திப் பார்த்தே நிறத்தைத் தீர்மானிப்பார். தூரிகைகளை ஒருவருக்கொருவர் கழுவித் தூய்மை செய்வார். புதிய பூச்சு எதையும், முன்னதாகவே முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒவ்வாமை உண்டாகிறதா என்று பார்க்கச் சொல்வார்.

இங்கே ஒரு பெரும் சோதனையும் உண்டு. "பெண்ணைக் கொஞ்சம் சிவப்பாகக் காட்டுங்கள்" என்ற வேண்டுகோள் பெரும்பாலும் மணமகளிடமிருந்தன்று, சுற்றத்தாரிடமிருந்தே வருகிறது. சிலர் திருமணத்துக்குப் பல மாதங்கள் முன்பே வெளுப்பூட்டும் களிம்புகளைத் தேடுகின்றனர். 2023-இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், இத்தகைய களிம்புகளைப் பூசியவர்கள் சிலருக்குச் சிறுநீரக நோய் கண்டதை கோட்டக்கல் மருத்துவர்கள் வெளிப்படுத்தினர். களிம்புகளில் இருந்த பாதரசமே காரணம் என்று அறியப்பட்டது. தயாரித்தவர் யார் என்ற விவரமே இல்லாத குப்பியை மகளின் முகத்தில் தடவ எந்தத் தாயும் இசையலாகாது.

மணமகளின் இயல்பான நிறத்தை மறைக்காமல் அவளது முகத்தை மலரச் செய்வதே நேர்மையான ஒப்பனை. எஸ்தர் நூலின் இரண்டாம் அதிகாரத்தில் அரண்மனைப் பெண்களுக்குப் பன்னிரண்டு மாதங்கள் அழகுப் பராமரிப்பு நடந்ததாக வாசிக்கிறோம். எஸ்தரோ, பொறுப்பாளர் ஏகாய் சொன்னதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. தொழில் அறிந்தவரின் சொல்லை மதித்த அந்த அடக்கம் நம் வீடுகளுக்கும் ஏற்றது.

ஒப்பனை செய்ய வருபவருக்கு மணவீட்டார் செய்ய வேண்டிய கடமைகளும் உள்ளன. பயணச் செலவு, பாதுகாப்பான தங்குமிடம், உணவு ஆகியவற்றை முன்னதாகவே பேசி முடிவு செய்யுங்கள். நள்ளிரவில் வருபவரை நிலையத்திலிருந்து அழைத்து வர நம்பிக்கையானவரை அனுப்புங்கள். மணமகளுக்குப் பேசிய கூலியில் அவளுடைய தங்கை, சித்தி, தோழியர் அனைவருக்கும் அலங்காரம் கேட்பது முறையன்று. திருமணம் முடிந்தபின் "பிறகு பார்க்கலாம்" என்று மீதித் தொகையை இழுத்தடிப்பது அதனினும் பெரிய தவறு. கூலியாளின் கூலியைக் கதிரவன் மறையுமுன் கொடுத்துவிட இணைச்சட்டம் (24:15) பணிக்கிறது. ஒரு வேலையின் மதிப்பு அதைச் செய்பவர் மனிதர் என்பதிலேயே அடங்கியுள்ளது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் மனித உழைப்பைப் பற்றிய தம் சுற்றுமடலில் கற்பித்தார்.

இத்தொழிலில் இறங்கும் மகளிருக்கும் சில சொற்கள். செல்லும் இடம், தங்கும் அறை, திரும்பும் வண்டி ஆகியவற்றை வீட்டில் எழுதி வைத்துச் செல்லுங்கள். முன்பணம் பெறாமல் புறப்படாதீர்கள். தொல்லை நேர்ந்தால் வெட்கி மறைக்க வேண்டாம். 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. பணியிடத்தில் பெண்களைக் காக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பணியின் பொருட்டுச் செல்லும் இடங்களையும் பணியிடமாகவே கொள்கிறது. ஞாயிறன்று வேலை இருப்பின், சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றுக் கடமையை நிறைவேற்றலாம்.

கடற்கரை மணமேடையில் ஆசை கொள்ளும் நம் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கத்தோலிக்கரின் திருமணம் பங்கு ஆலயத்தில் நடைபெறுவதே திருச்சபைச் சட்டத்தின் முறை. வேறு பங்கிலோ வேறு இடத்திலோ நடத்த உரியவரின் அனுமதி தேவை. விடுதிக்கு முன்பணம் கட்டுமுன் பங்குத்தந்தையைச் சந்தியுங்கள்.

மனத்திலேயே இறைவனுக்குக் கோயில் எழுப்பிய பூசலாரின் ஊர் திருநின்றவூர். அகத்தின் அழகே நிலையானது என்று இவ்வூராருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் அகத்தின் அழகு, வேலைக்கு வந்தவரை நடத்தும் விதத்திலும் வெளிப்பட வேண்டும். அடுத்த முறை உங்கள் இல்லத் திருமணத்தில், விடிய விடிய நின்று உழைத்த அப்பெண்ணை முதற்பந்தியில் அமர்த்தி உணவளியுங்கள். கூலியை முழுமையாகக் கையில் கொடுத்து, பத்திரமாக வண்டி ஏற்றி அனுப்புங்கள். அவளும் ஒரு வீட்டின் மகளே.