குதிரை முதுகில் வெள்ளை முடியா? சேணத்தைக் கவனியுங்கள்

பிள்ளைகளைக் குதிரைச் சவாரி பழக அனுப்பும் பெற்றோர், குதிரையின் முதுகையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. பழுப்புக் குதிரைக்குச் சேணம் அமரும் இடத்தில் மட்டும் வெள்ளை முடி இருந்தால், அது பெரும்பாலும் பொருந்தாத சேணம் விட்ட தழும்பு.

சேணம் ஒரே இடத்தை அழுத்தும்போது இரத்த ஓட்டம் குறைந்து, முடிக்கு நிறம் தரும் உயிரணுக்கள் சேதமடைகின்றன. பிறகு முளைக்கும் முடி வெளுத்துவிடும். பெரும்பாலும் பழைய நிறம் திரும்பாது.

அதுவரை காத்திருக்க வேண்டாம். சவாரி முடிந்து சேணத்தைக் கழற்றியதும், வியர்த்த முதுகில் ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால், அங்கே அழுத்தம் இருக்கலாம். தொட்டதும் முதுகை நெளித்தால் வலிக்கிறது என்று பொருள். இறுக்கமான சேணத்துக்கு அடியில் தடித்த விரிப்பு போட்டால் இன்னும் இறுகும். குதிரை மெலிந்தாலும் கொழுத்தாலும் சேணத்தின் பொருத்தம் மாறும். வலி பொறுக்காத குதிரை துள்ளினால், விழுவது நம் பிள்ளைதான்.