சுவர் கற்பித்த பாடம்

நீலகிரியின் அடிவாரத்தில், பவானியாற்றங்கரையில் அமைந்தது எங்கள் மேட்டுப்பாளையம். பணி ஓய்வு பெற்றபின் என் சேமிப்பனைத்தையும் செலவிட்டு ஊர்ப்புறத்தே ஒரு சிறு வீடு கட்டினேன். குடிபுகுவதற்கு நாள் குறித்தாயிற்று. வெளிச்சுவருக்குப் பளபளக்கும் எண்ணெய் வர்ணமே வேண்டுமென்றேன். கொத்தனாரோ, "பூச்சு இன்னும் காயலீங்க ஐயா, ஒரு மாசம் பொறுங்க" என்றார். நான் கேட்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் வர்ணம் கொப்புளித்து உரிந்தது.

காரணம் யாது? புதிய சிமெண்டுப் பூச்சில் ஈரமும் காரமும் நிறைந்திருக்கும். காரம் எண்ணெயோடு கூடினால் சவர்க்காரமாகும்; என் சுவரில் நிகழ்ந்ததும் அதுவே. மேலும், எண்ணெய்ப் படலம் உள்ளிருக்கும் ஈரத்தை எளிதில் வெளியே விடாது.

சுண்ணாம்பின் இயல்பு வேறு. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் கரியமில வாயு நீங்குகிறது. சுட்டதை நீரிலிட்டால் கொதித்து நீறுகிறது. அதனைச் சுவரில் அடித்தால், காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாக இறுகுகிறது. அதன் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறும். அதன் வெண்மை வெயிலின் வெம்மையைத் திருப்பியனுப்பும். மழையில் சிறிது கரையுமாதலால், பொங்கல் காப்புக் கட்டுக்கு முன் ஆண்டுதோறும் வெள்ளையடிப்பது நம் வழக்கம்.

காரம் தாங்கும் வர்ணங்கள் இன்று கிடைக்கின்றன. அவற்றுக்கும் சுவர் உலர்ந்திருத்தல் வேண்டும்.

சவர்க்காரம் உண்டாகும் முறையைப் பல்லாண்டுகள் வகுப்பில் கற்பித்தவன் நான். என் சுவரின் முன் அதனை மறந்தேன். வர்ணம் முழுவதையும் சுரண்டியெடுத்து, வெள்ளையடித்து வாழ்கிறேன். படித்த பாடத்தை வீட்டு வாசலிலும் நினைவிற்கொள்ளுங்கள்.