மலைப்பிளப்பில் ஒரு பகல்

நுழையும்முன்

மலையுச்சியை நோக்கி ஏறுவோர் பலர். மலை பிளந்த இடத்தில் இறங்கி, நீர் செல்லும் வழியே தாமும் செல்வோர் சிலர். மும்பையிலோ புனேயிலோ வாழ்வோர் ஒரே பகலில் மேற்கொள்ளக்கூடிய அத்தகைய பயணம் ஒன்றை இப்பாடம் விளக்குகிறது. இறங்கும் முறையையும், இறங்காமல் திரும்ப வேண்டிய வேளையையும் இதன்வழி அறிவோம்.

விடர் என்னும் பழஞ்சொல்

மலையில் ஆழமாகவும் நீளமாகவும் அமைந்த பிளப்பைத் தமிழில் 'விடர்' என்பர். இது சங்க இலக்கியங்களில் பயின்று வரும் சொல். இருபுறமும் செங்குத்தான பாறைச்சுவர்கள். நடுவே ஒடுங்கிய தரை. அத்தரையில் ஓடையோ தேங்கிய நீரோ இருக்கும். இதுவே விடரின் இயல்பு.

இவ்விடரின் வழியே நடந்தும், தேங்கிய நீரைக் கடந்தும், பாறைகளின்மீது தவழ்ந்தும், கயிற்றின் துணையால் செங்குத்துச் சரிவுகளில் இறங்கியும் செல்லும் பயணத்திற்குக் 'கேனியனிங்' என்று பெயர். மலையேற்றத்தில் களைத்தவர் எந்த இடத்திலும் நின்று, வந்த வழியே இறங்கிவிடலாம். கேனியனிங்கில் அவ்வாறு இயலாது. முதற்சரிவில் அனைவரும் இறங்கியபின் கயிற்றைக் கீழிருந்து உருவி எடுத்து, அடுத்த சரிவிற்குக் கொண்டுசெல்வர். கயிறு கைக்கு வந்துவிட்டால், மீண்டும் மேலே ஏற வழியில்லை. ஆகவே, இப்பயணத்தின் மிகப் பெரிய முடிவு முதற்கயிற்றில் இறங்குவதற்கு முன்பே எடுக்கப்படுகிறது.

சாந்தண் பள்ளத்தாக்கு

மகாராட்டிர மாநிலத்தில், சகயாத்திரி மலைத்தொடரில் அமைந்தது சாந்தண் பள்ளத்தாக்கு. அகில்யாநகர் மாவட்டத்தின் அகோலே வட்டத்திலுள்ள சாம்ரத் என்னும் சிற்றூரின் அருகே இது தொடங்குகிறது. ரத்தன்கட் கோட்டை இதற்கு அண்மையில் உள்ளது. மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமும் 1646 மீட்டர் உயரமுடையதுமான கள்சுபாய், இதே வட்டாரத்தில் நிற்கிறது.

இப்பள்ளத்தாக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுடையது. இதன் சுவர்கள் சில இடங்களில் 200 அடிக்கு மேல் உயர்ந்துள்ளன. சுவர்கள் நெருங்கி நிற்பதால், பகலிலும் பல இடங்களில் வெயில் தரையைத் தொடுவதில்லை. அதனால் இதனை 'நிழல்களின் பள்ளத்தாக்கு' என்றும் அழைப்பர்.

நகரிலிருந்து செல்வோர் பெரும்பாலும் முன்னிரவிலேயே புறப்படுவர். மும்பைப் புறநகர் இரயிலில் கசாரா வரை சென்று, அங்கிருந்து வண்டியில் மலைப்பாதையைக் கடந்து, விடியுமுன் சாம்ரத்தை அடைவர். சாம்ரத்தில் சூடான தேநீரும் எளிய காலைச் சிற்றுண்டியும் கிடைக்கும். மகாதேவ் கோளி, தாக்கர் ஆகிய பழங்குடியினர் இவ்வட்டாரத்தில் வாழ்கின்றனர். மலையை அறிந்த உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டிகளாக உடன் வருவர். அவர்களை மராத்தியில் 'தாதா' என விளித்தல் மரபு. நம் மொழியில் 'அண்ணா' என்பது போன்றது அது.

நீர் செதுக்கிய வழி

இப்பள்ளத்தாக்கு எவ்வாறு உருவானது? ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக்குழம்பு மீண்டும் மீண்டும் பெருகிப் பரவியது. அது அடுக்கடுக்காகக் குளிர்ந்து 'பசால்ட்' என்னும் கரும்பாறையாக இறுகியது. சகயாத்திரி மலைகளில் படிக்கட்டுகள் போலத் தோன்றும் வரிகள் இவ்வடுக்குகளே.

குளிர்ந்து சுருங்கிய பாறையில் வெடிப்புகள் தோன்றின. மழைநீர் வெடிப்புகளில் புகுந்தது. மணலையும் கற்களையும் உருட்டிச் சென்று பாறையைத் தேய்த்தது. விரலளவு வெடிப்பு நெடுங்காலத்தில் விடராக விரிந்தது. தரையெங்கும் கிடக்கும் பெரும்பாறைகளும் மேலிருந்து விழுந்தவையே. ஆண்டுதோறும் தென்மேற்குப் பருவமழையின்போது நீர் இவ்வழியாகவே பாய்கிறது. எனவே, நாம் நடக்கும் பாதை உண்மையில் நீரின் பாதை. நீர் இல்லாத மாதங்களில் மட்டும் நாம் அதனைப் பயன்படுத்துகிறோம்.

மழைக்காலத்தில் இப்பள்ளத்தாக்கில் இறங்குவதில்லை. மழை ஓய்ந்து நீர் வடிந்தபின், குளிர்கால மாதங்களே இதற்கு ஏற்றவை.

கயிறும் கருவிகளும்

விடருக்குள் நுழைந்ததும் வழியின் குறுக்கே நீர் தேங்கி நிற்கும். முழங்கால் முதல் இடுப்பு வரையோ, சில வேளைகளில் அதற்கு மேலோ ஆழம் இருக்கும். ஆடைப்பையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, காலால் தரையைத் துழாவியவாறு கடக்க வேண்டும். காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். ஆதலால் நனைந்த ஆடையுடன் நிழலில் நெடுநேரம் நிற்றல் தீங்கு தரும்.

பள்ளத்தாக்கு சட்டென்று கீழே விழும் இடத்தில் கயிறு தேவைப்படுகிறது. முதற்சரிவு ஏறத்தாழ 45 அடி ஆழமுடையது. இங்குப் பயன்படும் கருவிகள் பின்வருவன:

தலைக்கவசம்: மேலிருந்து விழும் சிறுகல்லும் உயிரைப் பறிக்கக்கூடும். விடருக்குள் இருக்கும்வரை இதனைக் கழற்றக்கூடாது.

இடைப்பட்டை: இடுப்பையும் இரு தொடைகளையும் சுற்றி இறுக்கப்படும் வலிய பட்டை. உடலின் எடையை இது பகிர்ந்து தாங்குகிறது.

பூட்டுவளையம்: 'கேரபினர்' எனப்படும் உலோகக் கொக்கி. திருகிப் பூட்டியதை இருவர் சரிபார்த்தல் வேண்டும்.

இறக்குவளையம்: எட்டு என்னும் எண்ணின் வடிவிலான கருவி. கயிறு இதில் வளைந்து செல்லும்போது உராய்வு உண்டாகிறது. உடல் எடையின் பெரும்பகுதியை இவ்வுராய்வே தாங்குகிறது. இறங்குபவரின் ஒரு கை, கீழே தொங்கும் கயிற்றைப் பற்றியிருக்கும். அக்கையைத் தாழ்த்தி இறுக்கினால் இறக்கம் நிற்கும். சிறிது தளர்த்தினால் தொடரும். அக்கையை மட்டும் ஒருபோதும் விடக்கூடாது.

காப்புக்கயிறு: இறங்குபவரின் கை தவறினாலும் அவரைத் தாங்கும்பொருட்டு வழிகாட்டி பிடித்திருக்கும் இரண்டாம் கயிறு.

இறங்கும்போது பாறையைக் கட்டிக்கொள்ளவே மனம் விழையும். ஆனால் அவ்வாறு செய்தால் கால் வழுக்கும். நாற்காலியில் அமர்வது போலப் பின்னோக்கிச் சாய்ந்து, கால்களை அகட்டி, பாதங்களைப் பாறையில் பதிக்க வேண்டும். முதல் அடியே கடினமானது. அதன்பின் உடல் கயிற்றை நம்பத் தொடங்கும்.

காணாத இடத்து மழை

பாறையும் உயரமும் கண்ணுக்குத் தெரியும் இடர்கள். விடரின் பேரிடர் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து வருகிறது. அதனை ஒரு கணக்கால் அறியலாம்.

விடருக்கு மேலே 1 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மலைச்சரிவு இருப்பதாகக் கொள்வோம். அங்கு 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழும் நீர் 50,000 கன மீட்டர், அதாவது 5 கோடி லிட்டர். நம் குடியிருப்புகளுக்கு வரும் 10,000 லிட்டர் தண்ணீர் வண்டிகள் 5,000 சேர்ந்து கொண்டுவரும் நீர் இது. பாறைச்சரிவு நீரை அதிகம் உறிஞ்சாது. ஆகவே பெரும்பகுதி நீர் ஒடுங்கிய விடரை நோக்கி ஓடிவரும். அகன்ற இடத்தில் கணுக்கால் அளவு ஓடும் நீர், ஒடுங்கிய இடத்தில் தலைக்கு மேல் உயரும். நீரின் வேகம் இரு மடங்கானால், அது தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

1997 ஆகஸ்டு 12 அன்று, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள ஆன்டிலோப் விடரில் 11 சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்தில் உயிரிழந்தனர். அவர்கள் நின்ற இடத்தில் பெருமழை பெய்யவில்லை. பல கிலோமீட்டர் தொலைவில் பெய்த மழையே வெள்ளமாகத் திரண்டு வந்தது.

1999 ஜூலை 27 அன்று, சுவிட்சர்லாந்தின் இன்டர்லாகன் நகருக்கு அருகில் கேனியனிங் சென்ற குழுவினரை, இடிமழையால் எழுந்த திடீர் வெள்ளம் அடித்துச் சென்றது. 21 பேர் இறந்தனர். அவர்களுள் மூவர் வழிகாட்டிகள். கருவிகள் இருந்தன, வழிகாட்டிகளும் உடனிருந்தனர். ஆயினும் அந்நாளில் அவர்கள் விடருக்குள் இறங்கியிருந்தனர். இத்தகைய பயணங்களைத் தொழிலாக நடத்துவோர் உரிமம் பெற வேண்டும் என்னும் சட்டம் அந்நாட்டில் 2014 முதல் நடைமுறையில் உள்ளது.

விடுமுறையில் குற்றாலம் சென்றோர் இதனை எளிதில் உணர்வர். அங்கு அருவியில் நீர் பெருகும்போது குளிப்பதற்குத் தடை விதிக்கப்படும். கீழே வானம் வெளுத்திருந்தாலும், மேலே மலையில் பெய்யும் மழை அருவியைப் பெருகச் செய்யும்.

திரும்பச் சொல்லும் துணிவு

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். இரவெல்லாம் பயணம் செய்து இருபது பேர் வந்திருக்கின்றனர். கட்டணம் செலுத்தியாயிற்று. முதற்சரிவின் விளிம்பில் கயிறு கட்டப்படுகிறது. அவ்வேளையில் மேற்கே மேகம் கறுக்கிறது. தெளிந்திருந்த ஓடைநீர் கலங்குகிறது. சருகுகளும் சுள்ளிகளும் மிதந்து வருகின்றன. "இன்று இறங்க வேண்டா, திரும்புவோம்" என்கிறார் வழிகாட்டி.

சிலர் முகம் வாடும். சிலர், "இவ்வளவு தொலைவு வந்தோமே!" என்பர். எனினும் அவ்வழிகாட்டியே தம் கடமையை நன்கு செய்தவர். சுமையைச் சுமப்பதும் கயிற்றைக் கட்டுவதும் அவர் பணியின் ஒரு பகுதி. அனைவரும் விரும்பும் ஒன்றை மறுத்துச் சொல்வது அப்பணியின் கடினமான பகுதி. அவர் சொல்லை ஏற்றுத் திரும்பி நடப்பதற்கும் துணிவு வேண்டும்.

ஆகவே பயணத்திற்கு முன்பே வழிகாட்டியிடம் சில வினாக்களைக் கேட்டல் நன்று. இன்றைய வானிலை அறிவிப்பு என்ன? வெள்ளம் வந்தால் ஏறி நிற்கத்தக்க உயர்ந்த இடங்கள் எவை? குழுவின் கடைசியில் யார் வருவார்? முதலுதவிப் பெட்டி யாரிடம் உள்ளது? நாம் திரும்பும் நேரம் ஊரில் யாருக்குத் தெரியும்? தயங்காமல் விடை கூறுபவரே நம்பத்தக்க வழிகாட்டி.

வழியில் பின்பற்ற வேண்டியவையும் சில உள. பாறையிடுக்குகளில் தேன்கூடுகள் இருப்பதால் கூச்சலிடுதல் கூடாது. முன்செல்பவர் கீழே நிற்கையில் கல்லை உருட்டக்கூடாது. நெகிழிக் குப்பையை விட்டுவரக்கூடாது. அடுத்த மழையில் அது கீழுள்ள ஊர்களின் நீரில் கலக்கும்.

வானம் தெளிந்த நாளில் சரிவுகளையெல்லாம் இறங்கியவர்கள், மலையடிவாரத்துத் தேஹ்ணே ஊருக்கு நடந்து சென்று, ஆசன்காவ் இரயில் நிலையம் வழியாக நகருக்குத் திரும்புவர். திரும்பச் சொன்ன நாளில் வந்தவர்கள், சாம்ரத்துக்கு மீண்டு, பித்லாவும் பாக்ரியும் உண்டு, வந்த வழியே வீடு சேர்வர். இரு குழுவினரும் பயணத்தை நல்ல முறையில் முடித்தவர்களே. பள்ளத்தாக்கு அடுத்த குளிர்காலத்திலும் அங்கேயே இருக்கும்.

சொல்லும் பொருளும்

விடர் – மலைப்பிளப்பு
இடர் – துன்பம், ஆபத்து
விழையும் – விரும்பும்
உராய்வு – இரு பொருள்கள் தேய்வதால் எழும் தடை
சருகு – உலர்ந்த இலை

மதிப்பீடு

அ. பிரித்து எழுதுக
1. பழஞ்சொல்
2. பாறைச்சுவர்
3. மழைக்காலம்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக
1. சாந்தண், 'நிழல்களின் பள்ளத்தாக்கு' என அழைக்கப்படுவது ஏன்?
2. இறக்குவளையம் உடல் எடையைத் தாங்க எவ்வாறு உதவுகிறது?
3. வெள்ளம் வரப்போவதை உணர்த்தும் அடையாளங்கள் யாவை?

இ. விரிவாக விடை எழுதுக
1. மலையேற்றத்திற்கும் கேனியனிங்கிற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக. அவ்வேறுபாட்டால் முதற்சரிவின் விளிம்பில் எடுக்கும் முடிவு முதன்மை பெறுவது ஏன்?

ஈ. கணக்கிடுக
2 சதுர கிலோமீட்டர் மலைச்சரிவில் 30 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழும் நீர் எத்தனை லிட்டர்?

உ. கேட்டு எழுதுக
உங்கள் சொந்த ஊரிலுள்ள ஆற்றிலோ அருவியிலோ நீர் பெருகப்போவதை அங்குள்ளோர் எவற்றைக் கொண்டு அறிவர்? தாத்தா, பாட்டி அல்லது பெற்றோரிடம் கேட்டு, அவர்கள் கூறும் சொற்களிலேயே பத்து வரிகள் எழுதுக.