பீரோவுக்குள் ஒரு சுருக்குப்பை

‘மியூசியத்தில் பாடம் செய்து வைத்த மீனைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். போன மாதம் சீலகாந்த் மீனைப் பற்றி ஒரு வரி எழுதி வைத்ததன் வினை.

டைனோசரோடு சேர்ந்து ஒழிந்துபோனதாக எல்லோரும் நம்பியிருந்த மீன் அது. 1938 டிசம்பர் 22 அன்று தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்துக்கு ஒரு இழுவைப் படகில் வந்து சேர்ந்தது. படகுக்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லப் போன உள்ளூர் மியூசியத்தின் காப்பாளர் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர், மீன் குவியலுக்கு அடியில் ஒரு நீலத் துடுப்பு நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டார். இழுத்துப் பார்த்தால் ஐந்தடி நீளம், 57 கிலோ. டாக்சிக்காரர் நாற்றத்துக்கு முறுமுறுத்தார். மீனை வைக்க இடம் தேடி மார்ஜரி சவக்கிடங்கில் கேட்டார், குளிர்பதனக் கிடங்கில் கேட்டார். இரண்டு இடத்திலும் கைவிரித்துவிட்டார்கள். ஃபார்மலினில் நனைத்த செய்தித்தாளையும் படுக்கை விரிப்பையும் சுற்றிவைத்து, மீன் அறிஞர் ஸ்மித்துக்குப் படம் வரைந்து கடிதம் போட்டார். ஸ்மித் விடுமுறையில் வெளியூர் போயிருந்தார். எலும்பையும் செவுளையும் பத்திரப்படுத்தச் சொல்லி அவருடைய தந்தி வந்தபோது, அழுகிய உள்ளுறுப்புகள் குப்பைக்குப் போயிருந்தன.

நடப்பதுபோல் மாறி மாறி அசையும் அதன் துடுப்புகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அதன் தலை. வளர்ந்த மீனின் மண்டைக்குள் மூளைக்கான இடத்தில் 100-க்கு ஒன்றரைப் பங்குதான் மூளை; மிச்சமெல்லாம் கொழுப்பு. என் பாட்டி ஆளுயர இரும்பு பீரோ ஒன்று வைத்திருந்தார். சாவிக்கொத்து எப்போதும் இடுப்பில். ஒருநாள் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சுருக்குப்பை மட்டும்!

வாசகரின் கேள்விக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து மியூசியம் ஒன்றில் சீசாக்களின் சீட்டுகள் மங்கி, எது எந்த மீன் என்று காவலாளிக்கும் தெரியவில்லை. ‘எல்லாம் பழசு சார்’ என்றார். கட்டடம் கட்டக் காசு வருகிறது. சீட்டு எழுதத் தெரிந்த ஆளுக்குத்தான் சம்பளம் இல்லை. ஈஸ்ட் லண்டன் மியூசியமும் சின்னதுதான். ஆனால் அங்கே துறைமுகம்வரை போய்க் குவியலைக் கிளறிப் பார்க்க ஒருவர் இருந்தார்.

ஸ்மித் அடுத்த மீனுக்கு 100 பவுண்டு பரிசு அறிவித்து, துண்டறிக்கை பரப்பி, 14 ஆண்டுகள் காத்திருந்தார். 1952-ல் கொமொரோ தீவுகளில் அது அகப்பட்டது. அங்கிருந்த மீனவர்களுக்கு அது புதிதே இல்லை. ‘கொம்பெஸ்ஸா’ என்று அதற்கு ஒரு பெயரே வைத்திருந்தார்கள். எப்போதாவது தூண்டிலில் மாட்டும். ஒரே எண்ணெய்ப் பிசுக்கு, வாயில் வைக்க முடியாது.