எல்லைக் கோடும் எழுபது பள்ளிகளும்

தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



ஜொகூர் தமிழ்ப்பள்ளிகளின் வாரியங்கள் மாநில அளவில் ஒரு சங்கமாகச் செயல்படும்போது, அது எத்தனை வட்டாரங்களாகப் பிரிய வேண்டும்? எந்தப் பள்ளி எந்த வட்டாரத்தில் சேர வேண்டும்? இதுதான் இன்றைய தலைப்பு. கேட்பதற்கு இது அலுவலக வேலை போலத் தோன்றும். வரைபடத்தை விரித்துக் கோடு போட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கலாம். ஆனால் ஒரு சிறிய தோட்டப்பள்ளியின் கூரை ஒழுகுகிறது என்ற செய்தி மாநிலக் கூட்டத்துக்கு வந்து சேருமா, சேராதா என்பது அந்தக் கோடு விழும் இடத்தைப் பொறுத்தது.

வாரியம் என்பது என்ன?

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் பள்ளி வாரியத்தையும் ஒன்றாக எண்ணிக்கொள்பவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். இரண்டும் வேறு. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ் அமைவது பள்ளி மேலாளர் வாரியம். பெற்றோர், முன்னாள் மாணவர், பள்ளிக்கு ஆதரவு தருவோர் எனப் பல தரப்பினர் அதில் இடம்பெறுகிறார்கள். குறிப்பாக, பள்ளி நிற்கும் நிலம் அரசாங்கத்துக்குச் சொந்தமில்லாத இடங்களில் வாரியத்தின் பொறுப்பு பெரிது. நிலம், கட்டடம், மானியம், இடமாற்றம் என்று எது வந்தாலும் வாரியத்தின் கையெழுத்து தேவைப்படும்.

ஜொகூரில் சுமார் 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பல, ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் பிறந்தவை. மக்கள் தோட்டத்தை விட்டு ஜொகூர் பாரு, மாசாய், ஸ்கூடாய், கூலாய் பக்கம் நகர்ந்தார்கள். அதனால் தெற்கே சில பள்ளிகளில் வகுப்பறை போதவில்லை. வடக்கேயும் உள்பகுதிகளிலும் பிள்ளைகள் போதவில்லை. மாணவர் எண்ணிக்கை 150க்குக் குறைந்தால் அதைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. ஒரு பக்கம் கட்டடம் கேட்கும் பள்ளி, மறுபக்கம் பிள்ளைகளைத் தேடும் பள்ளி. இரண்டுக்கும் ஒரே சங்கம் பேச வேண்டியிருக்கிறது.

வரைபடம் மாறிய கதை

2008ஆம் ஆண்டு வரை ஜொகூரில் எட்டு மாவட்டங்கள்தான் இருந்தன. அந்த ஆண்டில் ஜொகூர் பாருவிலிருந்து கூலாய்ஜெயாவும், மூவாரிலிருந்து லேடாங்கும் பிரிந்து புதிய மாவட்டங்களாயின. பின்னர் அவை கூலாய், தங்காக் என்று பெயர் மாறின. இப்போது மாவட்டங்கள் பத்து. ஆனால் மாவட்டக் கல்வி இலாகாக்கள் பதினொன்று. ஜொகூர் பாரு மாவட்டத்துக்குள் பாசிர் கூடாங்கிற்குத் தனிக் கல்வி இலாகா இருப்பதே இதற்குக் காரணம். இவை போதாதென்று நாடாளுமன்றத் தொகுதிகள் 26 இருக்கின்றன. அவற்றின் எல்லைகள் இந்த இரண்டு வரைபடங்களோடும் பொருந்துவதில்லை.

ஆகவே, ஒரே பள்ளி மூன்று வரைபடங்களில் மூன்று விதமாக நிற்கிறது. நில விவகாரத்துக்கு மாவட்ட நில அலுவலகம். ஆசிரியர், மாணவர், பராமரிப்பு விவகாரங்களுக்கு மாவட்டக் கல்வி இலாகா. நிதி ஒதுக்கீடு கேட்க நாடாளுமன்ற உறுப்பினர்.

குனோங் லேடாங் அடிவாரத்தில் இருக்கும் சாகில் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். முன்பு அது மூவார் மாவட்டம். இன்று தங்காக் மாவட்டம். ஒரு சங்கம் பழைய வழக்கப்படி அந்தப் பகுதியை ‘மூவார் வட்டாரம்’ என்றே வைத்திருந்தால் என்ன ஆகும்? வட்டாரப் பொறுப்பாளர் மூவார் கல்வி இலாகாவில் அறிமுகமானவராக இருப்பார். பள்ளியின் கோப்போ தங்காக்கில் இருக்கும்.

இது வெறும் ஊகம் அல்ல என்பதற்கு 2019 மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, மாணவர்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனார்கள். மார்ச் 13ஆம் தேதி பாசிர் கூடாங்கில் உள்ள 111 பள்ளிகளையும் மூடும்படி கல்வி அமைச்சு உத்தரவிட்டது. அந்த நேரத்தில் ஒரு பள்ளி பாசிர் கூடாங் எல்லைக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இப்படிப்பட்ட நாளில் வாரியங்களுக்குள் தகவல் சொல்ல, பெற்றோருக்குப் பதில் சொல்ல, அதே இலாகாவோடு பழகிய வட்டாரப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும்.

இதிலிருந்து முதல் விதி கிடைக்கிறது: சங்கத்தின் வட்டார எல்லை, கல்வி இலாகாவின் எல்லையை ஒட்டிப் போக வேண்டும். ஓர் இலாகாவின் கீழ் பள்ளிகள் மிகக் குறைவாக இருந்தால், பக்கத்து இலாகாவோடு முழுமையாகச் சேர்க்கலாம். ஓர் இலாகாவை இரண்டாக வெட்டி இரு வட்டாரங்களில் போடக் கூடாது.

ஓட்டு யாருக்கு? பள்ளிக்கா, பிள்ளைகளுக்கா?

கோடு போட்ட பிறகுதான் உண்மையான சிக்கல் வருகிறது. மாநிலச் செயலவைக்கு எந்த வட்டாரம் எத்தனை பேராளர்களை அனுப்புவது?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எட்டுப் பள்ளிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பள்ளிகளில் தலா 900 மாணவர்கள். ஆறு பள்ளிகளில் தலா 50 பேர். மொத்தம் 2,100 மாணவர்கள். தலையை எண்ணி ஓட்டுக் கொடுத்தால், ஏழில் ஆறு பங்கு பலம் அந்த இரண்டு பள்ளிகளுக்கே. மற்ற ஆறும் கூட்டத்துக்கு வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகலாம். பள்ளிக்கு ஓர் ஓட்டு என்றால், ஏழில் ஒரு பங்கு மாணவர்களைக் கொண்ட ஆறு பள்ளிகளிடம் முக்கால் பங்கு ஓட்டு போய்விடும். நெருக்கடியில் தவிக்கும் 1,800 பிள்ளைகளின் குரல் அடங்கிவிடும். இரண்டும் நியாயமாகாது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பள்ளி வாரியங்களுக்கு மாநில அளவில் ஒரு சங்கம் இருக்கிறது. அது 21 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பேராளர் எண்ணிக்கைக்கு மாணவர் எண்ணிக்கையும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. மிகப் பெரிய லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி மாவட்டத்தை அக்கம் பக்கத்துச் சிறிய வாரியங்களோடு கலக்காமல் தனி வட்டாரமாக வைத்திருக்கிறார்கள். யானையையும் ஆட்டுக்குட்டியையும் ஒரே தொழுவத்தில் கட்டாத ஏற்பாடு இது.

நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது

இதற்காக வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. நம் கூட்டரசு அரசியலமைப்பின் 13ஆவது அட்டவணை, தேர்தல் தொகுதி எல்லைகளை எப்படி வரைவது என்று சொல்கிறது. கிராமப்புற வாக்காளரைச் சென்றடைவது கடினம் என்பதால், கிராமப்புறத் தொகுதிகள் சற்றுச் சிறியதாக இருக்கலாம் என்று அது அனுமதிக்கிறது. நியாயமான எண்ணம்தான். சிகாமட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்குக் கூட்டத்துக்கு வரும் வாரியத் தலைவர் ஒரு வழிக்கே ஏறத்தாழ 180 கிலோமீட்டர் பயணம் செய்கிறார். அவருக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்புக் கொடுப்பதில் தவறில்லை.

ஆனால் அந்தச் சலுகையின் வரலாற்றையும் பார்க்க வேண்டும். சுதந்திரத்தின்போது தொகுதிகளுக்கிடையே 15 விழுக்காடு ஏற்றத்தாழ்வுதான் அனுமதிக்கப்பட்டது. 1962இல், கிராமப்புறத் தொகுதி நகரத் தொகுதியில் பாதி அளவு இருக்கலாம் என்றானது. 1973இல் அந்த வரம்பும் நீக்கப்பட்டது. அதன் பிறகு பெரிய தொகுதிக்கும் சிறிய தொகுதிக்கும் இடையே பல மடங்கு வித்தியாசம் வந்துவிட்டது. சலுகை கொடுப்பது சரி. அதற்கு எழுத்தில் ஒரு வரம்பு இல்லாவிட்டால், உதவியாகத் தொடங்கியது ஒருநாள் ஆதிக்கமாகிவிடும்.

அதே அரசியலமைப்பில் இன்னும் இரண்டு நல்ல ஏற்பாடுகள் உண்டு. ஒரு மறுசீரமைப்புக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது எட்டு ஆண்டுகள் இருக்க வேண்டும். பரிந்துரைக்கப்பட்ட எல்லைகளை ஒரு மாதம் பொதுப் பார்வைக்கு வைத்து, ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். சங்கங்களுக்கும் இது பொருந்தும். தேர்தல் கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு வட்டாரத்தை மாற்றினால், அது பள்ளிகளுக்காகவா, பதவிக்காகவா என்ற சந்தேகம் எழத்தான் செய்யும்.

என்ன செய்யலாம்?

கருத்தரங்கில் நான் முன்வைத்த யோசனைகள் இவை. ஒன்று, வட்டாரங்கள் கல்வி இலாகாக்களை ஒட்டி அமையட்டும். இரண்டு, ஒவ்வொரு பள்ளி வாரியத்துக்கும் ஓர் ஓட்டு நிச்சயம். மாணவர் மிகுந்த பள்ளிக்குக் கூடுதலாக ஓர் ஓட்டு, அதற்கு மேல் இல்லை. மேலே போட்ட கணக்கில் இரண்டு பெரிய பள்ளிகளுக்கு நான்கு ஓட்டு, ஆறு சிறிய பள்ளிகளுக்கு ஆறு ஓட்டு. யாரும் யாரையும் விழுங்க முடியாது. மூன்று, எல்லை வரையும் குழுவில் இருப்பவர்கள் அடுத்த தேர்தலில் போட்டியிடக் கூடாது. நான்கு, வரைவு எல்லா வாரியங்களுக்கும் எழுத்தில் போய், ஒரு மாதம் கழித்தே ஓட்டுக்கு வரட்டும்.

சங்கம் பதிவு பெற்றதாக இருந்தால், விதிகளை மாற்றப் பொதுக்கூட்டத்தின் தீர்மானம் மட்டும் போதாது. 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி பதிவிலாகாவின் ஒப்புதலும் வேண்டும். அது கிடைக்கும் முன் புதிய வட்டாரங்களின்படி தேர்தல் நடத்தினால், அந்தத் தேர்தலே கேள்விக்குள்ளாகும்.

உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் வாரியத்தில் இருப்பவர்கள் யார், அந்தப் பள்ளி எந்தக் கல்வி இலாகாவின் கீழ் வருகிறது, மாநிலக் கூட்டத்தில் அதற்காகப் பேசுபவர் யார் என்று இந்த வாரமே விசாரித்துப் பாருங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லையென்றால், அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். ஐம்பது பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கும் அந்தக் கூட்டத்தில் ஒரு நாற்காலி இருக்க வேண்டும்.