போஸ்ட் ட்ரூத் (சீனத் திரைப்படம்)

போஸ்ட் ட்ரூத் என்பது 2023 மார்ச் 10 அன்று சீனாவில் வெளியான நகைச்சுவை நாடகத் திரைப்படம் ஆகும். இதன் சீனப் பெயர் பாவோ நீ பிங்ஆன். டா பெங் இப்படத்தை இயக்கி, முதன்மை வேடத்திலும் நடித்துள்ளார். லி சுயேசின், இன் செங், வாங் ஷெங்தி ஆகியோர் பிற முக்கிய வேடங்களில் நடித்துள்ளனர். இறந்துபோன ஒரு பெண்ணைப் பற்றி இணையத்தில் பரவிய வதந்தியைப் பொய்யென நிறுவ, அதைத் தொடங்கியவரைத் தேடிப் புறப்படும் ஒரு மனிதனின் அலைச்சலே இப்படத்தின் கதையாகும்.

பெயர்க்காரணம்

சீனப் பெயருக்கு 'உன்னைப் பத்திரமாகக் காப்பேன்' என்று பொருள் கொள்ளலாம். 'பிங்ஆன்' என்ற சொல் அமைதியையும் நலத்தையும் குறிக்கும். கதைநாயகனின் பெயரும் அதுவே என்பதால் தலைப்பு இரு பொருள் தருகிறது. ஆங்கிலத் தலைப்பு, உண்மையை விட உணர்ச்சியும் முன்முடிவுகளும் மக்களின் கருத்தைத் தீர்மானிக்கும் நிலையைக் குறிக்கிறது. இச்சொல்லை ஆக்சுபோர்டு அகராதி 2016 ஆம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது.

கதைச்சுருக்கம்

வட கிழக்குச் சீனாவில் கதை நிகழ்கிறது. வாழ்க்கையில் நொடிந்துபோன நடுத்தர வயதினரான வெய் பிங்ஆன், இணைய நேரலையில் கல்லறை நிலங்களை விற்றுப் பிழைக்கிறார். அவரிடம் இடம் வாங்கியவர்களுள் ஒருவர் ஹான் லு என்ற இளம்பெண். ஹான் லு இறந்த பின்னர், அவர் இரவு விடுதிகளில் ஆண்களுக்குத் துணையாக இருந்து பணம் ஈட்டியவர் என்ற பேச்சு இணையத்தில் பரவுகிறது. இத்தகையவரின் கல்லறை தங்கள் குடும்பக் கல்லறைக்கு அருகில் இருக்கக் கூடாது, அதை அகற்ற வேண்டும் என்ற கோரிக்கையும் எழுகிறது.

வெய் பிங்ஆன் இதை ஏற்க மறுக்கிறார். 'உங்களுக்கு யார் சொன்னது?' என்ற ஒரே கேள்வியுடன், செய்தியைப் பகிர்ந்தவர்களை ஒருவர் பின் ஒருவராகத் தேடிச் செல்கிறார். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டுகின்றனர். இந்த அலைச்சலில்தான் படத்தின் நகைச்சுவை பிறக்கிறது.

கருப்பொருள்

'வதந்தி கிளப்ப ஒரு வாய் போதும்; அதை மறுக்கக் கால் ஒடிய ஓட வேண்டும்' என்ற பொருளில் சீனாவில் ஒரு வழக்கு உண்டு. படத்தின் கட்டமைப்பு இதனையே பின்பற்றுகிறது. நொடியில் பகிரப்பட்ட செய்தியை, நாயகன் நேரில் நடந்து சென்று ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் பிரிக்க வேண்டியுள்ளது. பகிர்ந்தவர்களுள் பலர் ஹான் லுவை அறியாதவர்கள். தாம் ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை, கேட்டதைத்தான் சொன்னோம் என எண்ணுபவர்கள். இவ்வாறு பொறுப்பு பலரிடையே பங்கிடப்பட்டு, இறுதியில் எவரிடமும் இல்லாமல் போகிறது.

சட்டப் பின்னணி

சீனக் குற்றவியல் சட்டத்தின் 246 ஆவது பிரிவின்படி, கடுமையான அவதூறுக்கு 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். ஓர் அவதூறுப் பதிவு 5,000 முறை பார்க்கப்பட்டாலோ 500 முறை பகிரப்பட்டாலோ அது கடுமையானதாகக் கருதப்படும் என 2013 இல் வெளியான நீதித்துறை விளக்கம் வரையறுத்தது. எனினும் பெரும்பாலான வழக்குகளில் பாதிக்கப்பட்டவரே முறையீடு செய்ய வேண்டும்.

2020 இல் காங்சௌ நகரில் நிகழ்ந்த வழக்கு நாடு முழுவதும் பேசப்பட்டது. பொட்டலம் வாங்க வந்த ஒரு பெண்ணை ஒருவர் ரகசியமாகப் படம்பிடித்தார். அவரும் அவருடைய நண்பரும், அப்பெண் பொட்டலம் கொண்டுவருபவருடன் தகாத உறவு கொண்டதாகக் காட்டும் போலி உரையாடல்களை உருவாக்கிப் பரப்பினர். அப்பெண் வேலையை இழந்தார். முதலில் அவரே தொடுத்த வழக்கு, பின்னர் அரசுத் தரப்பு வழக்காக மாற்றப்பட்டது. 2021 ஏப்ரலில் இருவருக்கும் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, அது 2 ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்கப்பட்டது.

இறந்தவரின் நற்பெயருக்கும் பாதுகாப்பு உண்டு. 2021 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள குடிமைச் சட்டத் தொகுப்பின் 994 ஆவது பிரிவு, துணைவர், பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரும், இவர்கள் எவரும் உயிருடன் இல்லாத நிலையில் பிற நெருங்கிய உறவினரும் உரிமை கோரலாம் என்கிறது. கல்லறை விற்றவர் இப்பட்டியலில் இல்லை. எனவே வெய் பிங்ஆன் போன்ற ஒருவர் செய்யக்கூடியது, உண்மையைத் தேடி வெளிக்கொணர்வது மட்டுமே.

இயக்குநரும் வரவேற்பும்

டா பெங்கின் இயற்பெயர் தொங் செங்பெங். 1982 இல் சீலின் மாகாணத்தில் பிறந்த இவர், இணைய நகைச்சுவைத் தொடர்களால் புகழ்பெற்று, 2015 இல் சியான்பிங் மேன் படத்தின் மூலம் திரைப்பட இயக்குநரானார். லி சுயேசின் மேடை நகைச்சுவையால் அறியப்பட்டவர். போஸ்ட் ட்ரூத் சீனத் திரையரங்குகளில் ஏறத்தாழ 70 கோடி யுவான் வசூலித்தது.

இணைய அவதூறு குறித்து இதற்கு முன்பும் சீனத்தில் படங்கள் வந்துள்ளன. சென் கைகே இயக்கிய காட் இன் த வெப் (2012), பேருந்தில் முதியவருக்கு இடம் தராத பெண்ணின் காணொளி பரவி அவளது வாழ்வைச் சிதைப்பதைக் காட்டியது. அப்படம் பாதிக்கப்பட்டவளைப் பின்தொடர்ந்தது. போஸ்ட் ட்ரூத் பகிர்ந்தவர்களைப் பின்தொடர்கிறது. பார்வையாளரும் அவர்களுள் ஒருவராக இருந்திருக்கக் கூடும் என்பதை நகைச்சுவையின் ஊடே உணர்த்துவதே இப்படத்தின் தனித்தன்மை.