வியாழனின் நான்கு நிலாக்கள்

கண்ணுகளா, நமக்கு ஒரே ஒரு நிலா. வியாழனுக்கோ தொண்ணூறுக்கும் மேல்! பெரும்பாலானவை சிறு பாறைகள்தாம். 1610-ஆம் ஆண்டு ஜனவரியில் கலிலியோ தம் தொலைநோக்கியில் கண்டாரே, அந்த நான்கு பெரிய நிலாக்களை மட்டும் இன்று பார்ப்போம். ஐயோ, யூரோப்பா, கானிமீட், காலிஸ்டோ. (ஆமாம், முதல் நிலாவின் பெயரே 'ஐயோ'தான். வகுப்பில் நான் சொல்லும்போதெல்லாம் கடைசி பெஞ்சில் சிரிப்பு கேட்கும்.)

ஆயிரம் கிலோமீட்டரை ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூமி, உரித்த தேங்காய் அளவு இருக்கும். நம் நிலா ஒரு பெரிய நெல்லிக்காய். ஐயோ அதைவிடச் சற்றுப் பெரியது, யூரோப்பா சற்றுச் சிறியது. காலிஸ்டோவும் கானிமீட்டும் எலுமிச்சம்பழங்கள். கானிமீட்டின் விட்டம் சுமார் 5,270 கி.மீ. சூரியக் குடும்பத்திலேயே பெரிய நிலா இதுதான். புதன் கோளைவிடவும் பெரியது! வியாழனோ 140 செ.மீ. உருண்டை, உங்களில் பலருடைய உயரம் இருக்கும்.

அளவில் ஒத்தவை, குணத்தில் ஒத்தவை அல்ல. ஐயோவில் நூற்றுக்கணக்கான எரிமலைகள். வியாழனின் ஈர்ப்பு அதைப் பிசைந்துகொண்டே இருப்பதால் உள்ளே சூடேறுகிறது. யூரோப்பாவோ பனிக்கட்டி உருண்டை. அதன் அடியில் பெரிய கடல் இருப்பதாக விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். காலிஸ்டோ முழுக்கப் பள்ளங்கள்.

ஐயோ ஏறத்தாழ நம் நிலா இருக்கும் தூரத்தில்தான் வியாழனைச் சுற்றுகிறது. நம் நிலாவுக்கு ஒரு சுற்றுக்கு 27 நாட்கள். ஐயோவுக்கு இரண்டு நாள்கூட ஆகாது. பூமியைப் போல 318 மடங்கு நிறையுள்ள கோள் இழுக்கும்போது மெதுவாகப் போக முடியுமா? கானிமீட்டுக்கு ஒரு வாரம், காலிஸ்டோவுக்கு சுமார் 17 நாட்கள்.

கானிமீட்டின் கதையில் நம் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. ஜவ்வாது மலையில் காவலூர் வானோக்கு நிலையம் இருக்கிறது. அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்ட ஆண்டு 1972. அதே ஆண்டு ஜூன் 7-ஆம் தேதி கானிமீட் ஒரு விண்மீனை மறைத்தது. காற்று இல்லாத நிலா மறைத்தால் விண்மீன் சுவிட்ச் போட்டாற்போல் சட்டென்று அணையும். காற்று இருந்தால், அரிக்கேன் விளக்கின் திரியை இறக்குவது போல மெல்ல மங்கும். ஜே.சி. பட்டாச்சார்யா முதலானோர் காவலூரிலும், வேறு சிலர் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் இதைக் கவனித்தார்கள். ஒளி மெல்ல மங்கியதாகத் தெரியவே, கானிமீட்டில் மெல்லிய காற்று இருக்கிறது என்று 1973-இல் அறிவித்தார்கள்.

1979-இல் வாயேஜர் விண்கலம் அருகில் போய்ப் பார்த்தது. அவர்கள் சொன்ன அளவுக்குக் காற்று அங்கே இல்லை! கணக்கு தவறிவிட்டது. பிறகு 1990-களில் ஹப்பிள் தொலைநோக்கி அங்கே ஆக்சிஜனைக் கண்டது. ஆனால் மிக மிக மெலிதாக. அளவு தவறினாலும், காற்று இருக்கத்தான் செய்கிறது.

இந்த நான்கையும் நீங்களே பார்க்கலாம். வியாழன் தெரியும் மாதங்களில், கொடுமுடிப் படித்துறை போல வெளிச்சம் குறைந்த இடத்துக்குப் பெரியவர்களோடு போங்கள். பைனாகுலரைச் சுவரில் ஊன்றிப் பிடியுங்கள்; கை ஆடினால் ஒன்றும் தெரியாது. வியாழனை ஒட்டி ஒரே கோட்டில் சின்னப் புள்ளிகள் தெரியும். சில நாள் மூன்றுதான் இருக்கும். ஒன்று கோளின் பின்னால் ஒளிந்திருக்கும். நோட்டில் தினமும் புள்ளி வைத்து வாருங்கள். எது ஐயோ என்று நாலைந்து நாளில் உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

ஐரோப்பாவின் ஜூஸ் விண்கலம் 2023-இல் கிளம்பிவிட்டது. 2034-இல் அது கானிமீட்டையே சுற்றிவர வேண்டும் என்பது திட்டம். அப்போது உங்கள் வயது என்ன? கணக்குப் போட்டு வையுங்கள்.